ஒரு ஆள் படகு

1986 ஜனவரி 5, ஞாயிறு

பனி. வெகுநேரம் எதிர்வீடு தெரியவில்லை. இவருடைய படுக்கை விரிப்பு இரண்டும் நேற்றுத் துவைத்தது, இன்னும் கொடியில் சொட்டிக்கொண்டு.

லீவு நாள். இவரைக் குளிப்பாட்டி, முதுகு பார்த்து (இடுப்புக்குக் கீழே புண் ஆறிய இடம் லேசான சிவப்பு, பௌடர் போட்டேன்), சக்கர நாற்காலியில் உட்கார வைத்து நான் நிமிர்ந்தபோது ஜெயராமன் சார் வந்தார். திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் இவரோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார். விக்கிரவாண்டி தாண்டி லாரி இடித்த அன்று இவரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்ததும் அவர்தான். எப்போதாவது வருவார். பள்ளிக்கூடக் கதை பேசுவார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்பார். காப்பி குடித்துவிட்டுப் போவார்.

இன்று அப்படி இல்லை. குடியரசு தின லீவுக்கு வீடூர் அணையில் கூடாரம் அடித்துத் தங்கப் போவதாகச் சார் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவரும் இன்னும் இரண்டு வாத்தியார்களும். முன்பெல்லாம் அந்தக் கேம்ப்பை நடத்துவதே இவர்தான், டிரில் மாஸ்டர் என்ற முறையில். சொன்ன பிறகு சாருக்கே சங்கடமாகிவிட்டது போல. டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இவர் தலையைத் திருப்பி, ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"காத்தடிக்கிற போட்டு ஒண்ணு உண்டு ஜெயா. நீளமா, ஒல்லியா இருக்கும். காலை நீட்டி உக்காந்துக்கினு ரெண்டு பக்கமும் துடுப்பு போடறது. அதுக்குக் காலே வேணாம். கை இருந்தா போதும்."

எப்போதோ ஒரு பயிற்சி முகாமில் பார்த்தாராம். பெயர் கயாக். அந்த மாதிரி ஒன்று கிடைத்தால் தானும் வருவதாகச் சொன்னார். அடிபட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேண்டாம், வேண்டாம் என்பதுதான் பேச்சு. அவராக ஒன்று வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. மாமியார் என்றாலும் எதையும் என்னிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள், அடுப்பிடம்தான் சொல்வார்கள். "நடக்க முடியாதவன தண்ணில எறக்கப் போறாங்களாம். இன்னா புத்தியோ."

எனக்குச் சந்தோஷம். ராத்திரி சாப்பாடு கூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஜன. 7, செவ்வாய்

தூறல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை டூட்டி. பண்டிகை வாரம், டிரங்க் கால் ஓயவில்லை. "மல்லாட்டை மூட்டை இன்னும் லோடு ஏத்தலிங்க, டிரைவர் பேஜாரு பண்றான்." "பொண்ணு வூட்ல இன்னா சொன்னாங்க, சரியா கேக்கல, சத்தமா சொல்லு." காதில் விழுவதை எழுதக் கூடாதுதான்.

மத்தியானம் சொந்தக் கால் பதிவு செய்து மெட்ராஸில் ஒரு கடைக்குப் பேசினேன். வலை, மிதவை, ரப்பர் சாமான் விற்கிற கடை. காற்றடிக்கிற படகு இருக்கிறதாம். முட்டை வடிவம், இரண்டு பேர் உட்காரலாம், பக்கத்துக்கு ஒரு துடுப்பு. கயாக் என்றதற்கு, அதெல்லாம் ஃபாரின்லதாம்மா என்றார்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். முட்டைப் படகு வேண்டாமாம். துடுப்புப் போடுகிறவன் காலை உதைத்துத்தான் இழுக்க வேண்டும், தன்னால் ஆகாது. "யாரோ ஓட்டுவான். நான் மூட்டை மாதிரி உக்காந்துக்கினு இருக்கணும்."

பக்கத்து வீட்டுக்காரர் லாரி டியூப்பில் பலகை கட்டித் தரட்டுமா என்று கேட்டார். நல்ல மனுஷர். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பால் கார்டு புதுப்பிக்க வேண்டும். அத்தைக்குக் கண் சொட்டு மருந்து.

ஜன. 9, வியாழன்

ஜெயராமன் சார் ஸ்கூலிலிருந்து போன் செய்தார். பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பிப் போகிறாராம், சாமானையெல்லாம் விற்கிறார். அதில் காற்றுப் படகும் இருக்கிறது. கயாக்கேதான். ஒன்று இல்லை, இரண்டு.

இவரிடம் சொன்னபோது முகம் மாறியது. ஒரு தாளில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். டிரில் மாஸ்டர் கையெழுத்து, எல்லாம் நேர்க்கோட்டில்:

காற்று அறை ஒன்றா, பலவா. ஒன்றே என்றால் வேண்டாம்.
மேல்துணி கித்தானா, வெறும் ரப்பரா. கரையெல்லாம் வேலிக்காத்தான் முள்.
முதுகுக்குச் சாய்மானம் உண்டா. எவ்வளவு உயரம்.
ஒட்டுப் போட்ட இடம் உண்டா. வால்வைச் சுற்றித் தடவிப் பார்.
பம்ப் எந்த மாதிரி.

தோட்டத்தில் கிடந்த செங்கல் இரண்டைக் கேட்டு வாங்கி, துணி சுற்றி, கையில் பிடித்துத் தூக்கித் தூக்கி இறக்கினார். தோளெல்லாம் வேர்வை. இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜன. 11, சனி

வெயில் நல்ல வெயில். ஜெயராமன் சாரோடு பாண்டிச்சேரி. பஸ்ஸில் நின்றுகொண்டே.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த தலை, காட்டன் புடவை, நம்மைவிட நன்றாகக் கட்டியிருந்தார். சார் இங்கிலீஷில் பேசினார். எனக்கும் பாதி புரிந்தது. வாசலில் பாய் மாதிரி சுருட்டி வைத்திருந்த இரண்டையும் விரித்துக் காற்றடித்தார்கள். பம்ப் காலால் மிதிக்கிற பம்ப். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்குப் புரிந்தது போல. பம்ப்பைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக் காட்டினார். முடியும், நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ஒன்று மஞ்சள். ஒரு ஆள் உட்காருவது. சின்னது, லேசு, நானே தூக்கினேன்.
இன்னொன்று நீலம். இரண்டு ஆள், ஒருவர் பின்னால் ஒருவர். கனம்.
இரண்டுக்கும் மூன்று காற்று அறை, பக்கத்துக்கு ஒன்று, அடியில் ஒன்று. மேலே தடித்த கித்தான். சாய்மானம் உண்டு. நீலத்தில் மட்டும் ஒரு ஒட்டு, நன்றாக ஒட்டியிருக்கிறது.

நீலத்தில் உட்கார்ந்து பார்த்தேன், வாசலிலேயே. காலை நீட்டி. ரப்பர் வாசனை அடித்தது. இவருக்குப் புண் வராமல் இருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த காற்று வளையத்தின் வாசனை. எழுந்துவிட்டேன்.

யாருக்கு என்று அந்த அம்மா கேட்டார். சார் சொன்னார். பழகும்வரை பின்னால் ஒருவர் இருப்பது நல்லது, நீலம்தான் என்றார். பிறகு, தனியாகப் போக வேண்டுமானால் அதிலும் போகலாம், சீட்டைக் கழற்றி நடுவில் மாட்டிக்கொள்ளலாம் என்றார்.

முடிவு சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

இவரிடம் எல்லாம் சொன்னேன். கனம், நீளம், ஒட்டு, சாய்மானம். நடுவில் மாட்டலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்றே மறைக்கவில்லை. வாய் வரை வந்து நின்றுவிட்டது.

நீலம் வாங்கலாங்க, நான் பின்னால் உட்கார்ந்துக்கறேன் என்றேன். நீந்தத் தெரியாது எனக்கு, ஆனாலும்.

"மஞ்சள்தான் வேணும்."

ஏன் என்று கேட்டேன்.

"நடு ஏரியில நான் மட்டும் இருக்கணும் கலா. வேற யாரும் இருக்கக் கூடாது."

சாதாரணமாகச் சொன்னார், தண்ணீர் கேட்பது போல. அடுக்களைக்குப் போய் நின்றேன். எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்தேன்.

ஜன. 12, ஞாயிறு

பனி. டூட்டி. லைன் மாற்றிக் கொடுத்துவிட்டேன் இரண்டு தடவை. திருவெண்ணெய்நல்லூருக்குக் கேட்டவருக்குத் திருக்கோவிலூர். சூப்பர்வைசர் அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

இதை எங்கேயாவது எழுத வேண்டும். போன ஆடி மாதம் தலையணை உறை மாற்றும்போது உள்ளே ஒரு முடிச்சு. தூக்கத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகள். விழுங்கியதாகச் சொல்லிச் சொல்லிச் சேர்த்து வைத்திருக்கிறார். நான் எடுத்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மருந்து எல்லாம் என் கைப்பையில் என்னோடு எக்ஸ்சேஞ்சுக்கு வருகிறது. அத்தைக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

நடு ஏரி. யாரும் இருக்கக் கூடாது.

ஆனால் செங்கல் தூக்குகிறார். இட்லி கேட்கிறார். நேற்று தாடியைத் தானே மழித்தார். அந்த மாதிரி எண்ணம் இருக்கிறவர் தாடி மழிப்பாரா. மழிப்பாரோ என்னவோ. எனக்கு எப்படித் தெரியும்.

ஜன. 14, செவ்வாய். பொங்கல்

வெயில். பானை பொங்கியது, நல்ல திசை என்றார்கள் அத்தை. கரும்பு, மஞ்சள் கொத்து, கலர்ப்பொடி எல்லாம் நேற்றே. இவரை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தேன். தெருவில் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள், கொஞ்சம் சத்தமாக. காது கேட்காதவருக்குச் சொல்வது போல. கால்தான் போனது, காது அல்ல. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

படகுக்கு முடிவு சொல்லியாச்சா என்று கேட்டார். யோசிக்கலாம் என்றேன். "இன்னா யோசனை. பாத்துட்டு வந்தவ நீதானே." பிறகு பொங்கலைத் தொடவில்லை. அத்தை என்னைப் பார்த்த பார்வை.

ஜன. 16, வியாழன். காணும் பொங்கல்

அரை நாள் டூட்டி. முடிந்ததும் பஸ் பிடித்துத் திண்டிவனம். ஜெயராமன் சார் வீட்டம்மா கேப்பை அடை சுட்டுக் கொடுத்தார்கள், வாயில் வைக்க முடியவில்லை. சாரைத் தனியாகக் கூப்பிட்டு மாத்திரை விஷயம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒருவரிடம்.

கேம்ப்பையே ரத்து செய்துவிடலாமா என்று சார் கேட்டார். அப்புறம், வேண்டாம், அது இன்னும் மோசம் என்றார். கடைசியில் அவர் சொன்னது: "மஞ்சள் வித்துப் போச்சுன்னு சொல்லிடுங்க சிஸ்டர். நீலம்தான் இருக்குதுன்னு. நீங்க பின்னாடி உக்காந்துக்கிட்டா போதும்."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். வெள்ளைக்காரம்மா சாருக்குப் போன் செய்ததாக, மஞ்சளை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டதாக.

இவர் என் முகத்தையே பார்த்தார். "அப்டியா" என்றார். அவ்வளவுதான்.

ஜன. 17, வெள்ளி

மேகம். செங்கல் தொடவில்லை. சாப்பாடு பாதி. படுக்கையிலேயே. முகம் சுவர்ப்பக்கம்.

ஜன. 18, சனி

அதே.

அத்தை: "போட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், முன்ன மாதிரி பேசிக்கினு இருந்தா போதும்." முன்னால் எங்கே பேசினார்.

கேஸ் தீர்ந்துவிட்டது. ஸ்டவ்.

ஜன. 19, ஞாயிறு

அத்தை திருவாமாத்தூர் கோவிலுக்குப் போனார்கள், யாரோ உறவுக்காரர் வண்டியில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இப்படி அமைவதே இல்லை.

இவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன். என் பக்கம் முகம் வந்தது. அப்போது கேட்டுவிட்டேன். யோசித்து வைத்த பேச்சு எதுவும் வரவில்லை.

"ஆடி மாசம் மாத்திரை சேத்து வச்சிருந்தீங்களே. இந்தப் போட்டும் அதுக்குத்தானா?"

கண்ணை மூடிக்கொண்டார். திறந்தார். நீதான் எடுத்தாய் என்று தெரியும், ஒரு வார்த்தை கேட்பாய் என்று தினமும் பார்த்தேன் என்றார். நான் அவர் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், இத்தனை மாதம்.

பிறகு சொன்னார். நினைவிருக்கும்போதே எழுதுகிறேன்.

"அன்னிக்கி அதுக்குத்தான். பொய் சொல்ல மாட்டேன். இப்ப அது இல்ல கலா. கண்ணு முழிச்சதுலருந்து யாராவது தூக்கறீங்க, பொரட்டறீங்க, தொடைக்கிறீங்க. கக்கூஸ்ல கூட நான் தனியா இல்ல. ஒரு எடத்துக்கு நானா போவணும், நானா திரும்பணும். அவ்ளோதான்."

நாளைக்கும் அந்த எண்ணம் வராது என்று சொல்ல முடியுமா என்றேன். அதைச் சொல்ல முடியாது என்றார். யாராலும் சொல்ல முடியாது என்றார்.

நம்பினேனா? நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இரண்டும் ஒன்றில்லை.

அடுத்தது நான். மஞ்சள் விற்கவில்லை, நான் சொன்னது பொய் என்றேன். தெரியும் என்றார். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ள வேண்டும், கழற்றக் கூடாது, மனசு சரியில்லாத நாளில் என்னிடமாவது சாரிடமாவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும், டாக்டரிடமும் இதைப் பேச வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி. நீளக் கயிறு கட்டிக் கரையில் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு மட்டும், "மாட்டுக்குக் கட்டற மாதிரியா" என்றார். சிரித்தார் போல இருந்தது. நான் அழுதேன்.

மஞ்சள் வாங்குவது என்று முடிவு.

ஜன. 21, செவ்வாய்

டாக்டர் வீடு போய்ப் பேசினேன், காலையில். நல்லவிதமாகக் கேட்டார். நீங்கள் அவரிடம் நேராகக் கேட்டது நல்லதுதான், கேட்டால் தூண்டிவிட்டதாக ஆகாது என்றார். வாரம் ஒரு தடவை வந்து பேசுவதாகச் சொன்னார்.

அப்படியே லீவு போட்டுவிட்டுப் பாண்டிச்சேரி, தனியாக. வாசலில் நீலம் மட்டும் சுருட்டிக் கிடந்தது. மஞ்சளை நேற்றுத்தான் ஒரு காலேஜ் பையன் வாங்கிக்கொண்டு போனானாம்.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். என் அரைகுறை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது. சொன்ன பொய் நிஜமாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

நீலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். துடுப்பு, பம்ப், ஒட்டுச் சாமான், லைஃப் ஜாக்கெட் இரண்டு. கண்டக்டர் பஸ் மேலே போடச் சொன்னார். முள் கிழித்துவிடும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கால் மரத்துப்போனது.

கூடத்தில் இறக்கி வைத்ததும் இவர் நீலத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். சத்தியம் செய்தேன்.

"எப்டியோ, நெனச்சத வாங்கிட்டே" என்றார்.

ஜன. 23, வியாழன்

பனி, கடும் பனி. நேற்று முழுக்கப் பேச்சில்லை.

இன்று டூட்டி முடிந்து வந்தால் கூடம் முழுக்கப் படகு. ஊதிக் கிடக்கிறது. அத்தை சுவரை ஒட்டி நடக்கிறார்கள். இவர் தரையில். நாற்காலியிலிருந்து தானே இறங்கியிருக்கிறார். பம்ப்பை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திக் காற்றடித்து, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு. உள்ளங்கை சிவந்து போயிருந்தது. ஒட்டுப் போட்ட இடம் சுத்தம்.

முன்சீட்டைக் கழற்றி நடுவில் மாட்டியிருந்தார். அடியில் அதற்கான கொக்கி இருக்கிறது.

"நடுவுல மாட்டலாம்னு அந்தம்மா சொன்னாங்களா?"

சொன்னாங்க என்றேன்.

"என்னிக்கி?"

முதல் நாளே, உங்களிடம் நான்தான் சொல்லவில்லை என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். பின்சீட்டை எடுத்துத் தனியாகப் பரண் மேல் போடச் சொன்னார். போட்டேன்.

ஜன. 25, சனி. வீடூர்

கூடாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அரிக்கேன் புகைகிறது.

காலையில் வாடகை வேனில் கிளம்பினோம். அத்தை வரவில்லை, வாசலில் நின்றார்கள். ஜெயராமன் சாரும் மற்ற இருவரும் முன்பே வந்து கூடாரம் அடித்திருந்தார்கள். இவருக்கென்று பலகை பரப்பி வழி போட்டிருந்தார்கள், தண்ணீர் வரை. ஏரி நிறைந்து கிடக்கிறது. நீர்க்காகம், நாரை. அக்கரை கோடு மாதிரி.

வெயில் தாழட்டும் என்று காத்திருந்தோம். காற்று வேறு. வேன் டிரைவரையும் சேர்த்து நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். படகில் அவருக்கு அடியில் காற்று வளையம் வைத்தேன். லைஃப் ஜாக்கெட் வார்களை நானே இறுக்கினேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் கரையோரமாக இடுப்பளவு தண்ணீரில் கூடவே நடப்பதாகச் சொன்னார். சரி என்றார்.

முதலில் சுற்றியது. ஒரே இடத்தில் வட்டம். திட்டிக்கொண்டார். பிறகு நேரானது. சார் நின்றுவிட்டார், ஆழம் வந்துவிட்டது. படகு போய்க்கொண்டே இருந்தது. முதுகு மட்டும் தெரிந்தது. தோள் இரண்டும் ஏறி இறங்கி. பழைய முதுகு. கல்யாணமான புதிதில் பார்த்தது. இந்த முதுகில் தினமும் புண் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன், வேறு எதையும் பார்ப்பதில்லை.

நடுவில் போய் நின்றது. துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டார். அசையவில்லை.

சார் சட்டையைக் கழற்றினார். வேண்டாம் சார் என்றேன். "சிஸ்டர், காத்து அந்தப் பக்கம் தள்ளுது" என்றார். தள்ளியது. படகு மெல்ல நகர்ந்து கோரைப்புல் மறைவில் போனது. பிறகு தெரியவில்லை.

அந்த நேரத்தைப் பற்றி எழுத வரவில்லை. புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சார் தண்ணீரில் இறங்கிவிட்டார். நான் வாயில் சொன்னது வேண்டாம், மனசில் போங்க போங்க.

கோரைக்குப் பின்னால் துடுப்பு பளிச்சென்றது. திரும்பிக்கொண்டிருந்தார். எதிர்க்காற்று. ஒவ்வொரு இழுப்புக்கும் பாதி பின்னால் போனது. சார் நீந்தி எதிரே போனார். கிட்டப் போனதும் படகைத் தொடவில்லை, பக்கத்திலேயே நீந்திக்கொண்டு வந்தார். அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

கரைக்கு வந்து இவர் சொன்ன முதல் வார்த்தை: "பசிக்குது."

உள்ளங்கை இரண்டும் கொப்புளம். கூடாரத்தில் படுக்க வைத்துத் துடைக்கும்போது பார்த்தேன், இடது குதிகால் தோல் உரிந்து ரத்தம். படகின் அடித்துணியில் தேய்ந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. கட்டுப் போட்டேன். நாளை தண்ணீரில் இறங்கக் கூடாது என்றேன். கேட்டுக்கொண்டார்.

நடுவில் என்ன செய்தீர்கள் என்றேன்.

"சும்மா இருந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நெனப்பும் வந்திச்சி. வந்துட்டுப் போச்சி. சொல்லச் சொன்னியே, அதான் சொல்றேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். கொப்புளம் என்று விட்டுவிட்டேன்.

ஜன. 26, ஞாயிறு

விடிகாலை. காற்றே இல்லை. ஏரி மேல் பனி, கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் தண்ணீர் தெரிந்தது, பிறகு மெல்ல விலகியது. வாத்தியார்கள் தூக்கம். சார் மட்டும் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். இவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பலகை வரை தள்ளிக்கொண்டு வந்தேன். படகு கரையில் கிடந்தது.

"நீ போயேன்" என்றார்.

எனக்கு நீந்தத் தெரியாது என்றேன். ஜாக்கெட் எதற்கு என்றார். புடவை என்றேன். இழுத்துச் செருகிக்கொள் என்றார். ஏன் ஏறினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். "வலது. இப்ப எடது. கைய விறைக்காத. முன்னாடி பாரு, தண்ணியப் பாக்காத." டிரில் மாஸ்டர் குரல். எத்தனை நாளாயிற்று கேட்டு. பிறகு அந்தக் குரலும் எட்டவில்லை.

நடுவில் நிறுத்தினேன். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டேன். சத்தமே இல்லை. காதில் மாட்டுகிற ஹெட்போன் இல்லை, கலா என்கிற குரல் இல்லை. யாரையும் திருப்பிப் படுக்க வைக்க வேண்டாம். மணி பார்க்க வேண்டாம். கையைத் தண்ணீரில் விட்டேன். குளிர்ச்சி.

திரும்ப வேண்டும் என்று தெரிந்தது. கை வரவில்லை.

அக்கரையில் மண் ரோடு ஒன்று. அதில் பஸ் போனது, லைட் போட்டுக்கொண்டு. மயிலம் பக்கம் போகிறதாக இருக்கும். அந்தக் கரையில் இறங்கி, ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ரோட்டுக்கு ஏறினால் அடுத்த பஸ். மயிலத்திலிருந்து திண்டிவனம். அங்கிருந்து எந்த ஊர் பஸ்ஸும் கிடைக்கும். எந்த ஊர் என்று கூட யோசித்தேன். யாரும் என்னை அறியாத ஊராக. சும்மா நினைக்கவில்லை, நிஜமாகத்தான் நினைத்தேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

இவரை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன் இத்தனை நாளும். என்னை யார் பார்ப்பது.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வெயில் ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது கரையில் நாற்காலி, சின்னதாக. பலகையின் நுனிக்கே வந்துவிட்டிருந்தார், சக்கரம் தண்ணீரில். பக்கத்தில் சார், கையில் டம்ளரோடு. இவர் சார் சட்டையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை.

துடுப்பை எடுத்தேன். சுற்றியது, நேரானது. வந்தேன்.

படகின் மூக்கு பலகையில் இடித்ததும் எட்டி அதன் வாரைப் பிடித்துக்கொண்டார். கொப்புளக் கை. விடவில்லை.

"எங்க வரைக்கும் போனே?"

"பஸ் ஏறிட்டேங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்ன என்று கேட்கவும் இல்லை. வாரை இன்னும் கொஞ்சம் இழுத்துப் படகைக் கரையோடு அணைத்துக்கொண்டு, "எறங்கு. காப்பி ஆறுது" என்றார்.